கோப்பு அங்கேதான் இருக்கிறது

“தம்பி, டபுள் கிளிக் பண்ணினா ஒரு வட்டம் சுத்துது. அப்புறம் வேலை செய்யலன்னு ஒரு பெட்டி வருது. அவ்வளவுதான்.”

2023 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில், நான் எழுதிக்கொடுத்த மென்பொருளைப் பற்றி வந்த போன் இது. நான் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: “என்னோட கம்ப்யூட்டர்ல ஓடுதே அண்ணே.” அந்த வாக்கியத்துக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பதுதான் இந்தக் கதை.

அவர் இலங்கை மலையகத்தில் அப்புத்தளைக்குக் கொஞ்சம் அப்பால் பாதையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தேயிலைக் கொழுந்து வாங்குகிறவர். சுற்றியுள்ள சிறுதோட்டக்காரர்கள் சாக்கில் கொண்டுவருவார்கள். நிறுத்து வாங்கி, பின்னேரம் லொறியில் ஏற்றிப் பெக்டரிக்கு அனுப்புவார். கணக்கெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில். மாதம் முடிந்தால் அந்தக் கொப்பியோடு சண்டை. புதிதாக ஒரு டிஜிட்டல் தராசு வாங்கியிருந்தார். அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, நிறுத்தவுடன் சீட்டு அடித்துக் கொடுக்க ஒரு மென்பொருள் கேட்டார்.

நான் ஹட்டனில் வீட்டிலிருந்து எழுதினேன். மொழி சி ஷார்ப், திரைகளுக்கு விண்டோஸ் போர்ம்ஸ், அவை ஓடத் தேவையான அடித்தளம் டொட் நெட் பிரேம்வேர்க் 4.7.2. தரவைச் சேமிக்க எஸ்கியூலைட், சீட்டு அடிக்க ரிப்போர்ட் வியூவர் 2015, தராசை வாசிக்கத் தராசு விற்றவர்கள் கொடுத்த ஒரு டி.எல்.எல். கோப்பு, அதாவது நிரல் ஓடும்போது கூப்பிட்டுக்கொள்ளும் நூலகக் கோப்பு. தராசின் எடை காட்டும் பெட்டியை இரண்டு வாரம் வீட்டிலேயே வைத்து அரிசிச் சாக்கை நிறுத்து நிறுத்துப் பார்த்தேன். வெளியே ஓயாத மழை. எடையிலிருந்து கழிக்கும் கழிவுக்கான ஆரம்ப மதிப்பைச் சாக்குக்கு அரை கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று போட்டுவைத்தேன். இனோ செட்அப் என்ற கருவியில் நிறுவியை (மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடும் கோப்பை) கட்டி, பென் டிரைவில் போட்டு, தராசுப் பெட்டியோடு சேர்த்து அந்தப் பக்கம் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

அவருடைய இயந்திரம் விண்டோஸ் 7, 64 பிட். அதில் டொட் நெட் 4.7.2 இல்லாமல் இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் நிறுவியே விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பார்த்து, ரிலீஸ் எண் 461808க்குக் குறைவாக இருந்தால் 4.7.2ஐப் போட்டுவிடும்படி எழுதியிருந்தேன். அது சரியாகவே வேலை செய்தது. எனக்குத் தெரிந்த குறையை நிறுவி பார்த்துக்கொண்டது. என்னைக் கவிழ்த்தவை எல்லாம் நான் நினைத்தே பார்க்காதவை.

போனில் அவரை, விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறக்கவைத்தேன். ‘டொட் நெட் ரன்டைம்’ என்று சிவப்புப் புள்ளியோடு, 1026 என்ற எண்ணுள்ள வரியைத் தேடிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். மூன்றாவது படத்தில்தான் அவர் விரல் மறைக்காத எழுத்து கிடைத்தது. ரிப்போர்ட் வியூவரின் கோப்பையோ அது சார்ந்திருக்கும் வேறொன்றையோ ஏற்ற முடியவில்லை என்று இருந்தது.

காரணம் சின்னது. ரிப்போர்ட் வியூவரை எப்போதோ நான் என் லெப்டொப்பில் தனியாக நிறுவியிருந்தேன். அப்படி நிறுவும்போது அது குளோபல் அசெம்பிளி கேஷ் என்ற பொதுக் களஞ்சியத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். அங்கே இருக்கும் நூலகத்தை நம் நிரலுக்கு ரெபரன்ஸாகச் சேர்த்தால், நிரல் எழுதும் கருவியான விசுவல் ஸ்டூடியோ ‘கொப்பி லோக்கல்’ (நிரலோடு ஒரு பிரதி வை) என்பதைத் தானாகவே ‘இல்லை’ என்று வைத்துவிடும். எங்கும் கிடைக்கிற பொருள்தானே, எதற்குப் பிரதி எடுக்கவேண்டும் என்பது அதன் நியாயம். ஆனால் வெளியே கொடுப்பதற்காகக் கட்டிய நிரல் இருக்கும் ரிலீஸ் கோப்புறையில் அந்தக் கோப்பு விழாது. நிறுவி அந்தக் கோப்புறையைத்தான் அள்ளிக்கொண்டு போகும். என் வீட்டில் ஓடும், அப்புத்தளையில் ஓடாது.

கொப்பி லோக்கலை ‘ஆம்’ என்று மாற்றினேன். இந்த முறை அனுப்புவதற்கு முன் டிக்கோயாவில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் நண்பனின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அதில் போட்டோகொப்பிக் கணக்கும் சில விளையாட்டுகளும் தவிர ஒன்றுமில்லை. இது நல்ல முடிவு, ஏனென்றால் முகப்பு திறந்தது, சீட்டு அடிக்கப் போனதும் விழுந்தது. இப்போது கேட்டது மைக்ரோசொப்ட் எஸ்கியூஎல் சேர்வர் டைப்ஸ், பதிப்பு 12. நான் எஸ்கியூஎல் சேர்வரைத் தொடவே இல்லையே என்று அரை மணி நேரம் என் கோட் முழுக்கத் தேடினேன். கேட்டது என் கோட் அல்ல, ரிப்போர்ட் வியூவர். 2015 பதிப்புக்கு எஸ்கியூஎல் சேர்வர் 2014க்கான அந்த டைப்ஸ் தொகுதி வேண்டும். ரிப்போர்ட் வியூவரை அதற்குரிய நிறுவி மூலம் போட்டிருந்தால் தொடங்கும்போதே அது கேட்டிருக்கும். நான் கோப்புகளை மட்டும் உருவி எடுத்ததால் கேட்க ஆளில்லாமல் போயிற்று. அதையும் சேர்த்தேன். எஸ்கியூலைட்டுக்கு எக்ஸ்86, எக்ஸ்64 என்று இரண்டு உள்கோப்புறைகள் உண்டு, அவையும் போகவேண்டும். அது மட்டும் முதலிலிருந்தே சரியாக இருந்தது, அதிர்ஷ்டம்.

நண்பனின் கடையில் எல்லாம் ஓடியது. தராசு மட்டும் அங்கே இல்லை. ‘தராசை இணை’ பொத்தானை நான் அழுத்தவும் இல்லை. சி ஷார்ப்பிலிருந்து அழைக்கும் நேட்டிவ் (டொட் நெட்டில் எழுதாத) டி.எல்.எல். ஒன்று நிரல் திறக்கும்போது ஏறாது. முதல் தடவை அதன் செயல்பாட்டைக் கூப்பிடும்போதுதான் ஏறும். அந்தப் பொத்தானை அழுத்தாதவரைக்கும் என் சோதனை பாதிச் சோதனைதான்.

அப்புத்தளையில் அவர் அழுத்தினார். “தவறான வடிவத்தில் உள்ள நிரலை ஏற்ற முயற்சி” என்ற பொருளில் ஒரு செய்தி, முடிவில் 8007000பி. இந்த எண் வந்தால் தொண்ணூறு வீதம் பிட் தகராறுதான்: 64 பிட்டாக ஓடும் நிரல் 32 பிட் கோப்பை ஏற்றாது, மறுபக்கமும் அப்படியே. தராசு டி.எல்.எல். 32 பிட். என் நிரல் ‘எனி சிபியூ’, இரண்டில் எதுவாகவும் ஓடக்கூடியது. எழுதும்போது சோதிக்கக் கட்டும் டிபக் அமைப்பில் ‘32 பிட்டை விரும்பு’ என்ற பெட்டியில் சரி போட்டிருந்தது, ரிலீஸில் நானே எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறேன். நான் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தது டிபக், அனுப்பியது ரிலீஸ். 64 பிட் விண்டோஸில் அது 64 பிட்டாக எழுந்து நின்று 32 பிட் கோப்பைக் கூப்பிட்டால் எப்படி வரும்? எக்ஸ்86 என்று அடித்துச் சொல்லிவிட்டுப் புதிய கோப்பை அனுப்பினேன். பத்து நிமிட வேலை.

அடுத்த செய்திதான் என்னை நான்கு நாள் அலைக்கழித்தது. “தராசு டி.எல்.எல்.ஐ ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட மொடியூல் கிடைக்கவில்லை”, 8007007இ.

“அண்ணே, போல்டருக்குள்ள அந்தப் பேர்ல ஒரு பைல் இருக்கா பாருங்க.”

“இருக்கு தம்பி. நீங்க சொன்ன அதே பேரு. அங்கதான் இருக்கு.”

“திரும்ப ஒருக்கா பாருங்க.”

“கண்ணு தெரியுது தம்பி எனக்கு.”

அவர் கோபப்பட்டதில் தப்பே இல்லை. கோப்பு அங்கேதான் இருந்தது. அந்தச் செய்தி, கூப்பிட்ட கோப்பின் பெயரைச் சொல்லுமே தவிர, அந்தக் கோப்பு தனக்காகத் தேடி ஏமாந்த கோப்பின் பெயரைச் சொல்லாது. கல்யாண வீட்டுக்கு மாமா வந்துவிட்டார், மாமி வராததால் அவரும் உள்ளே வரமாட்டேன் என்கிறார், வாசலில் நிற்பவன் வந்து “மாமா வரல” என்று மட்டும் சொல்கிறான். அப்படி.

சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய டி.எல்.எல். என்பதால் அந்த மொழி நிரல்கள் ஓடத் தேவையான ரன்டைம் கோப்புகளின் தொகுதி, விசுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், இல்லை என்று ஊகித்தேன். 64 பிட் கம்ப்யூட்டர்தானே என்று எக்ஸ்64ஐப் போடச் சொன்னேன். பிழை. நிரல் 32 பிட் என்றால் அதற்கு வேண்டியது எக்ஸ்86 தொகுதி, விண்டோஸ் எதுவாக இருந்தாலும். போதாக்குறைக்கு 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64 என்பதில் இருப்பவைதான் 32 பிட். பெயர் வைத்தவர்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும், நமக்குத் தலைவலி. மறுநாள் எக்ஸ்86ஐயும் போட்டார். அதே 8007007இ.

இனிப் போனில் ஆகாது என்று ரயில் ஏறினேன். ஹட்டனிலிருந்து அப்புத்தளைக்கு மூன்றரை மணி நேரம் வரும். தலவாக்கலை, நானுஓயா எல்லாம் மழையும் பனியும். 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டி, சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் வேறு நாட்டுக்கு வந்த மாதிரி வெயில். அப்புத்தளையில் இறங்கும்போது காற்று ஆளைத் தள்ளியது, பாதையில் புழுதி பறந்தது. குடையைப் பையில் திணித்தேன்.

பென் டிரைவில் புரொசஸ் மொனிட்டர் கொண்டுபோயிருந்தேன். ஒரு நிரல் எந்தக் கோப்பை, எந்தக் கோப்புறையில், எத்தனையாவது முறை தேடுகிறது என்று ஒன்றுவிடாமல் காட்டும் கருவி. அப்படியே திறந்தால் விநாடிக்கு ஆயிரக்கணக்கான வரி ஓடும், பயந்துவிடக்கூடாது. நிரலின் பெயருக்கு ஒரு வடிகட்டி, ‘பெயர் கிடைக்கவில்லை’ என்ற முடிவுக்கு ஒரு வடிகட்டி, டி.எல்.எல். என்று முடியும் பாதைகளுக்கு ஒன்று. அப்போதும் பல வரி மிஞ்சும். ஓரிடத்தில் இல்லாமல் அடுத்த இடத்தில் கிடைத்தவை அவற்றில் நிறைய, அவை வழக்கமானவை. தேடவேண்டியது எல்லா இடத்திலும் கேட்டு, எங்குமே கிடைக்காத ஒரு பெயரை.

கிடைத்தது. முதலில் நிரலின் கோப்புறையில், பிறகு சிஸ்வாவ்64இல், பிறகு விண்டோஸ் கோப்புறையில், பிறகு பாத் என்ற தேடல் பட்டியலில் இருந்த ஒவ்வொரு இடத்திலும் வரிசையாகக் கதவைத் தட்டியிருந்தது: விசிரன்டைம்140டி. எண் 140 வரைக்கும் வாசித்துவிட்டு “அதைத்தான் போட்டாயிற்றே” என்று எரிச்சலோடு மூடப் போனேன். அப்புறம்தான் கடைசி ‘டி’ கண்ணில் பட்டது. ‘டி’ என்றால் டிபக். தராசு விற்றவர்கள் கொடுத்தது டிபக் அமைப்பில் கட்டிய டி.எல்.எல். அதற்கு வேண்டிய டிபக் ரன்டைம் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளில் வராது, வெளியாருக்குப் பகிரவும் உரிமம் இடம் தராது. விசுவல் ஸ்டூடியோவில் சி பிளஸ் பிளஸ் பகுதியையும் சேர்த்துப் போட்டவர்களிடம் மட்டுமே இருக்கும். என்னிடம் இருந்தது.

விற்றவர்களுக்குப் போன் எடுத்து ரிலீஸ் கோப்பு கேட்டேன். எதிர்முனையில் ஒரு பையன் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “எங்க கம்ப்யூட்டர்ல ஓடுதே சேர்.”

என்ன சொல்ல? சிரிப்புத்தான் வந்தது. பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். மணி மூன்றரை. நான்கு மணிக்குக் கொழுந்து வரத் தொடங்கும்.

சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்து தராசின் கைநூலைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தேன். சீரியல் போர்ட் வழியே 9600 வேகம், எட்டு பிட், ஒவ்வொரு வாசிப்பும் ஒரு வரி எழுத்து: எடை நிலையானதா ஆடுகிறதா என்று இரண்டெழுத்து, பிறகு எண், பிறகு கிலோ. அவ்வளவுதான். இதற்கா ஒரு டி.எல்.எல்.? டொட் நெட்டிலேயே சீரியல் போர்ட் வகுப்பு இருக்கிறது, புதிதாக ஒரு ரெபரன்ஸும் வேண்டாம். முப்பது நாற்பது வரியில் எழுதி, தராசு டி.எல்.எல்.ஐத் திட்டத்திலிருந்தே தூக்கி எறிந்தேன். முதல் நாளே இதைச் செய்திருக்கவேண்டும். கொடுத்தார்களே என்று சேர்த்துக்கொண்ட சோம்பல்தான்.

எண் திரையில் வந்தது. சேமிக்கப் போனால் தரவுக் கோப்பு வாசிக்க மட்டுமே என்று ஒரு பிழை. புரோகிராம் பைல்ஸுக்குள் தரவை வைத்திருந்தேன், சாதாரணமாகத் திறந்தால் அங்கே எழுத அனுமதி கிடையாது. முதல் பிழைக்குப் பிறகு அவர் யாரோ சொல்லிக்கொடுத்தபடி வலது கிளிக் செய்து நிர்வாகியாகவே திறந்து பார்த்திருக்கிறார், அதனால் வெளியே தெரியவில்லை. புரோகிராம் டேட்டாவுக்கு மாற்றி, அந்தக் கோப்புறைக்கு மாற்றும் அனுமதியை நிறுவியிலேயே கொடுத்தேன். பழையதை முழுதாக அழித்துவிட்டுப் புதிய நிறுவியை ஆரம்பத்திலிருந்து ஓட்டினேன். அவரையே டபுள் கிளிக் பண்ணச் சொன்னேன். வட்டம் சுற்றியது, திறந்தது.

முதல் சாக்கு ஒரு அம்மாவுடையது. தராசில் 14.6. பிரின்டர் கரகரவென்று சீட்டைத் துப்பியது. முதலாளி பெருமையோடு கிழித்து நீட்டினார். அந்த அம்மா அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்.

“சாக்குக்கு அரை கிலோ, சரி. இது என்னா, ஈரம் ஒரு கிலோ?”

“கொழுந்துல தண்ணி இருக்குமில்ல அக்கா, அதுக்கு...” என்று முதலாளி இழுத்தார்.

“தண்ணியா? இந்தப் பக்கம் மழை பெய்ஞ்சு எத்தனை நாளாச்சு? இத யாரு போட்டது?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சீட்டை வாங்கிக்கொண்டு அமைப்புகள் பக்கத்தைத் திறந்தேன்.