கறிவேப்பிலைப் புழு: மூன்றாவது முயற்சி, ஒருவழியாக

இன்று காலை எட்டேகாலுக்கு, பிள்ளைகள் காலை உணவுக்குத் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், வகுப்பில் கறிவேப்பிலை போட்டு வளர்த்த பட்டாம்பூச்சிப் புழுக்களின் முதல் கூடு திறந்தது. ஒரு பையன் பொங்கலைத் தட்டோடு திண்ணையில் வைத்துவிட்டு "டீச்சர், வந்துருச்சு, நசுங்கிப் போய் வந்துருச்சு" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். நசுங்கவில்லை. வெளியே வந்ததும் இறக்கை ஈரத்துணி மாதிரிச் சுருண்டுதான் இருக்கும், குச்சியைப் பிடித்துக்கொண்டு இறக்கையைக் கீழே தொங்கவிட்டு விரிக்க இடம் வேண்டும். கால் மணி நேரத்தில் விரிந்துவிட்டது. கறுப்பில் மஞ்சள் திட்டு, பின் இறக்கை ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு, வால் இல்லை. எலுமிச்சை அழகி என்கிற பட்டாம்பூச்சி. "இதுதான் தமிழ் மறவனா டீச்சர்?" என்று மூன்று பேர் கேட்டார்கள். 2019-ல் அதை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்ததிலிருந்து எந்தப் பட்டாம்பூச்சியைக் கண்டாலும் இதே கேள்விதான். அது ஆரஞ்சு நிறம், மலைக்காட்டுப் பக்கம் போனால் பார்க்கலாம் என்றேன்.

முதல் இரண்டு முயற்சி பற்றி இங்கே எழுதவே இல்லை, அவமானமாக இருந்தது. புழு வளர்க்கிறவர்கள் எல்லாரும் புழுவைப் பற்றித்தான் பேசுகிறார்கள், எனக்குப் பிரச்சினை முழுக்க இலையில். முதல் தடவை ஆறு புழு. வெள்ளிக்கிழமை வரை பள்ளிச் செடியிலிருந்து பறித்துப் போட்டேன். கொழுந்து தீர்ந்துபோனதால் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஐந்து ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கி வைத்தேன். திங்கள் காலை ஆறும் பச்சையாகக் கக்கி, துவண்டு, காம்பில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாம் தடவை அதே சந்தை இலையை மஞ்சள் உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மூன்று முறை அலசி, நிழலில் காயவைத்துப் போட்டேன், நான்கு புழு, அதே கதி. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கவில்லை, ஆனால் மருந்து அடித்த இலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பின்வரிசைப் பெண் ஒருத்தி மெதுவாக எழுந்து "அப்ப நாம சாம்பார்ல..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டாள். மறுநாள் வாசலில் இரண்டு அம்மாக்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் கறிவேப்பிலை போட்ட குழம்பைத் தொட மாட்டேன் என்கிறானாம். சரி, தொட்டியில் ஒரு செடி வையுங்கள் என்று சொல்லித் தப்பித்தேன். நான்கு வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மரம் மட்டும்தான் என்று முடிவு செய்தேன். மாசி கடைசியில் கொழுந்து விட்டிருந்தது, கொழுந்து இலையில் கடுகு அளவு மஞ்சள் முட்டை. பத்து எடுத்தோம். அதில் இரண்டு கறுத்துப்போய்ப் பொரியவே இல்லை, ஒன்று எங்கே போனது என்று தெரியாது, மீதி ஏழு. சமையல் அக்காதான் வழி சொன்னார்: "புழுக் கொத்து எது, தாளிக்கிற கொத்து எதுன்னு ரிப்பன் கட்டி விட்ருங்க டீச்சர், எனக்கும் பாவம் வேண்டாம்." சிவப்பு ரிப்பன் கட்டியது புழுவுக்கு.

இப்போது குப்பி விஷயம். மூன்று வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். இலையைத் தண்ணீரில் வைக்காவிட்டால் மதியத்துக்குள் சுருண்டுவிடும், வைத்தால் புழு காம்பு வழியாக இறங்கிப் போய் விழுந்து சாகும். குப்பியின் வாயில் பஞ்சு அடைத்தேன், பஞ்சே தண்ணீரை உறிஞ்சி வெளியே ஊற்றியது. களிமண் வைத்தேன், மின்விசிறிக் காற்றில் வெடித்து இடுக்கு விட்டது, சின்னப் புழு ஒன்று அந்த இடுக்குக்குள்ளேயே போய்ச் செத்தது (ஏழு ஆறானது அங்கேதான்). கடைசியில் கைகொடுத்தது பூங்கொத்துக் கடை. ரோஜாக் காம்பின் அடியில் ரப்பர் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருப்பார்களே, அதுதான். முகூர்த்த நாளுக்கு மறுநாள் கல்யாண மண்டபத்தில் போய்க் கேட்டால் சும்மா கொடுப்பார்கள், எனக்கு ஒரு பை நிறையக் கிடைத்தது. தனி ஈர்க்கை விட நுனிக்கிளையாக வெட்டுங்கள். வெட்டு சாய்வாக இருக்கட்டும், காம்பு தண்ணீருக்குள் இருக்கும்போதே வெட்டுங்கள், காற்றுக் குமிழ் ஏறினால் இலை தண்ணீர் இழுக்காது. இப்படிச் செய்தால் மூன்று நாள் தாங்குகிறது, ஈர்க்கு ஒன்றரை நாள்தான்.

பிள்ளைகளுக்குக் குப்பியில் அக்கறையே இல்லை, அவர்கள் புழுக்கை எண்ணினார்கள். தினம் காலை வெள்ளைத் தாளில் தட்டி, பத்துப் பத்தாகப் பிரித்து, கட்டத்தாளில் வரைபடம். பத்துகளாகக் கூட்டுவது இரண்டு மாதமாகத் தலைக்குள் ஏறாத பையன் இதில் ஏறிவிட்டான். தோல் உரித்து உரித்து வளரும் ஐந்து பருவத்தில் முதல் நான்கிலும் பறவை எச்சம் மாதிரி இருந்த புழு ஐந்தாவதில் பச்சையாக மாறிய அன்று ஒருத்தி "யாரோ மாத்தி வெச்சுட்டாங்க" என்று என்மேலேயே புகார் கொடுத்தாள். பென்சிலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு மாதிரி நீட்டி நாற்றம் விடும். அதற்கு வரிசை கட்டினார்கள், ஒரு நாளைக்கு ஒருவருக்கு மட்டும் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று.

ஆறும் கூடு கட்டின. பச்சைக் காம்பில் கட்டியவை பச்சை, காய்ந்த குச்சியில் கட்டியவை பழுப்பு. இதை நான் சொல்லவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள். ஆனால் சனிக்கிழமை ஒரு கூட்டில் குண்டூசி ஓட்டை, பெட்டி முழுக்கப் பளபளவென்று பொடிக் குளவிகள். கொசுவலை போதாது என்று புரிந்தது. கூடு கட்டின முதல் நாள் தோல் மெத்தென்று இருக்கும்போதே ஒரு குளவி வலைக்குள் புகுந்து கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும். பாதி வகுப்பு அழுதது, மீதிப் பாதி லென்ஸ் கேட்டது. தையல்கடை அக்காவிடம் பாவாடைக்கு அடியில் வைக்கும் பொடிக்கண் நெட் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, பெட்டியை அதில் மாற்றியாயிற்று. எறும்புக்கு வழக்கம்போல நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம்.

அடுத்தது கொன்றை. சித்திரைக்குள் மைதானத்து மரம் பூத்துவிடும், அதன் கொழுந்தில் வெளிர்மஞ்சள் பூச்சிகள் முட்டை வைக்கும். எருக்கில் வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி இன்னும் சுலபம்தான், ஆனால் அந்தப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தெரியும், எட்டு வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தைரியம் வரவில்லை. அதற்குள் ஆண்டுத் தேர்வு வேறு.

அதெல்லாம் அப்புறம். முதலில் பாக்கி நான்கு கூடு. அதில் ஒன்றின் தோல் கறுத்து, இறக்கைத் திட்டு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது, அப்படியென்றால் நாளைக் காலை. நாளை சனிக்கிழமை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாலை ஐந்தேகால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறேன், கண்டக்டர் போன வாரமே ஒரு மாதிரி பார்த்தார். திறந்ததும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி எட்டுப் பிள்ளைகள் அவரவர் அம்மா நம்பரை என் கையிலேயே எழுதிவிட்டிருக்கிறார்கள், பேனா மையில், இன்னும் போகவில்லை.