காய்ச்சலோட சண்டைக்குப் போற பசங்க

ஸ்கூல் லைப்ரரியில வாசிப்பு வகுப்பு எடுக்கிறதுதான் ரொம்ப வருஷமா என் வேலை. பதினாலு பதினஞ்சு வயசுப் பசங்க கையில எந்தப் புக்கைக் குடுத்தாலும் நாலு பக்கம் புரட்டிட்டு வச்சிடுவாங்க, ஆனா ரெண்டு கோஷ்டி, ரெண்டுக்கும் ஆகாது, கூட இருக்கிறவனுக்காக எதையும் செய்வானுங்கன்னு ஒரு கதை வந்துட்டா பெல் அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டாங்க. ஸ்டாஃப் ரூம்ல இதைப் பத்தி அடிக்கடி பேச்சு வரும். ஏற்கனவே கிளாஸ்ல ரெண்டு செட்டா பிரிஞ்சு மொறைச்சிக்கிட்டு நிக்குதுங்க, நீங்க வேற சண்டைக் கதையை எடுத்துக் குடுக்கிறீங்களே மேடம்னு கேப்பாங்க. நியாயமான கவலைதான். ஆனா பசங்க ஏன் செட்டு சேருதுங்கன்னு உள்ள போய்ப் பாக்கிற இடம் எனக்குத் தெரிஞ்சு இந்தக் கதைங்கதான், அதனால நான் விடுறதில்ல.

முதல்ல எடுக்கிறது 'தி அவுட்சைடர்ஸ்'. எஸ்.இ.ஹிண்டன் எழுதினது, 1967ல வந்துச்சு. அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலத்துல டல்சாங்கிற ஊரு, அங்க ஸ்கூல்ல படிச்சிட்டிருந்த பொண்ணு பதினஞ்சு வயசுல எழுத ஆரம்பிச்சு, புக்கு வெளிய வரும்போது வயசு 18. இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சுகூட நிமிந்து உக்காரும். இன்னொண்ணு, லைப்ரரி வேலையில இருக்கிற எனக்குன்னே பிடிச்ச தகவல். கலிஃபோர்னியாவுல லோன் ஸ்டார்ங்கிற ஒரு ஸ்கூலோட லைப்ரரியம்மாவும் பசங்களும் சேந்து, இந்தக் கதையைப் படமா எடுங்கன்னு 1980ல சினிமா டைரக்டர் கப்போலாவுக்கு லெட்டர் போட்டாங்க, மனுஷன் 1983ல நெஜமாவே எடுத்துட்டாரு. பசங்க ஒரு புக்கை எவ்வளவு சொந்தமா எடுத்துக்கிட்டா இப்படி கையெழுத்து வாங்கி அனுப்புவாங்க!

கதை தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். ஊரோட கிழக்குப் பக்கம் கிரீசர்ஸ், காசில்லாத வீட்டுப் பசங்க. மேற்குப் பக்கம் சோஷஸ், காரும் நல்ல சட்டையும் இருக்கிறவங்க. போனிபாய்னு பதினாலு வயசுப் பையன்தான் கதை சொல்றான். அப்பா அம்மா ரெண்டு பேரும் கார் விபத்துல போயிட்டாங்க, இருபது வயசு அண்ணன் டாரி காலேஜ் போற ஆசையை மூட்டை கட்டி வச்சிட்டு கூரை வேலைக்குப் போறான், நடு அண்ணன் சோடாபாப் படிப்பை நிறுத்திட்டு பெட்ரோல் பங்க்ல நிக்கிறான். மூணு பேரும் ஒண்ணா இருக்கணும்னா வம்புல மாட்டாம இருக்கணும், மாட்டினா சின்னவனை ஹோம்ல போட்டுடுவாங்க. அவங்க செட்டுல ஜானின்னு ஒருத்தன், வீட்டுல அப்பன் அடி, அம்மா கத்தல், அவனுக்கு வீடுன்னா இந்தப் பசங்கதான். இதுக்கு மேல விசுவாசம் எங்கேருந்து வருதுன்னு நான் தனியா விளக்க வேண்டியதே இல்ல. பெரியவங்க இருக்க வேண்டிய இடத்துல யாரும் இல்லன்னா பக்கத்துல நிக்கிறவனைத்தான் புடிச்சுக்குவாங்க, அவ்வளவு இறுக்கமா புடிச்சுக்குவாங்க.

எங்க கிளாஸ்ல ஒண்ணு கவனிச்சிருக்கேன். வசதியான வீட்டுப் பசங்களும் சரி, இல்லாத வீட்டுப் பசங்களும் சரி, படிக்கும்போது எல்லாரும் கிரீசர்தான். ஒருத்தன்கூட தன்னை சோஷஸ்ல வச்சுப் பாக்க மாட்டான். ராண்டி வர்ற வரைக்கும்தான் அது. சோஷஸ்ல ஒருத்தன் அவன், ஜானி கத்தியால குத்திச் செத்துப்போன சோஷஸ் பையன் பாபோட ஃப்ரெண்டு. ரெண்டு கோஷ்டியும் மோதப் போற பெரிய சண்டைக்கு முன்னாடி போனிபாயைக் கூப்பிட்டு கார்ல உக்கார வச்சுப் பேசுறான், நான் சண்டைக்கு வரல, ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒண்ணும் மாறப் போறதில்லன்னு. அப்புறம் பாபைப் பத்திச் சொல்றான். அவன் என்ன தப்பு பண்ணாலும் வீட்டுல விட்டுடுவாங்களாம், ஒரே ஒரு தடவையாவது யாராவது வேணாம்னு சொல்ல மாட்டாங்களான்னு அவன் ஏங்கினானாம். இந்த இடத்துல கிளாஸ் அமைதியாயிடும். கண்டிக்க ஆளே இல்லாத பெரிய வீட்டுப் பையனும், அடிக்க மட்டுமே ஆள் இருக்கிற சின்ன வீட்டுப் பையனும் ஒரே பார்க்ல ராத்திரி மோதி, ஒருத்தன் கத்திக்குத்துல சாகுறான், இன்னொருத்தன் கத்தியோட நிக்கிறான். ரெண்டு பேர் வீட்டுலயும் அந்த நேரத்துல தேடுறதுக்கு ஒருத்தரும் இல்ல.

இதுக்கு அடுத்து நான் குடுக்கிறது ஹங்கேரிக்காரர் ஃபெரென்ட்ஸ் மோல்நார் எழுதின 'பால் ஸ்ட்ரீட் பாய்ஸ்', 1907ல புக்கா வந்தது. புடாபெஸ்ட்ல ஒரு காலி மனை, அதுல விளையாடுற பசங்க ஒரு பக்கம், அதைப் புடிக்க வர்ற செஞ்சட்டைப் பசங்க இன்னொரு பக்கம். பால் ஸ்ட்ரீட் பசங்க படையில எல்லாரும் ஆஃபீசர், நெமெசெக்னு ஒரு நோஞ்சான் பையன் ஒருத்தன் மட்டும்தான் சிப்பாய், எல்லாருக்கும் சல்யூட் அடிக்கிறது அவன் வேலை. வேவு பாக்கப் போயி திரும்பத் திரும்ப தண்ணியில நனையுறான், கடைசியா செஞ்சட்டைப் பசங்களே புடிச்சு முக்கி எடுக்கிறாங்க. காய்ச்சல் வந்துடுது. அந்தக் காய்ச்சலோட படுக்கையிலருந்து எழுந்து ஓடி வந்து, எதிர் கோஷ்டித் தலைவன் ஃபெரி ஆட்ஸைக் கீழ தள்ளுறான், அதுலதான் இவங்க ஜெயிக்கிறாங்க. அவன் பொழைக்கல. அப்புறம் பாத்தா அந்த மனையில வீடு கட்டப் போறாங்கன்னு தெரிய வருது.

ரெண்டு புக்கையும் அடுத்தடுத்து வாசிக்க வச்சப்ப ஒரு பையன் கையைத் தூக்கி, "மிஸ், இதுலயும் காய்ச்சல், அதுலயும் காய்ச்சல்"னான். ஆமா, போனிபாயும் பெரிய சண்டைக்குக் காய்ச்சலோடதான் போறான், ஆஸ்பிரினை முழுங்கிட்டு. டூ-பிட்னு கூட இருக்கிறவனுக்கு அது தெரியும், டாரிகிட்ட சொல்லிடாதன்னு இவன் கெஞ்சுறான், அவனும் சொல்லல. அறுபது வருஷ இடைவெளி, கண்டமே வேற, ஆனா ரெண்டு இடத்துலயும் உடம்பு கொதிக்கிற ஒரு சின்னப் பையனுக்கு சண்டைக்குப் போகாம இருக்கிறது துரோகமாத் தெரியுது. அன்னைக்கு வகுப்புல வேற எதையும் பேச முடியல. "வீட்டுல படுத்திருந்தா ஃப்ரெண்ட்ஸ் தப்பா நெனைப்பாங்களா?"ன்னு நான் கேட்டதுக்கு, நெனைக்க மாட்டாங்க, ஆனா இவன் அப்படி நெனைச்சுக்குவான்னு ஒரு பொண்ணு சொன்னா, அது எனக்கு ரொம்ப சரின்னு பட்டுச்சு.

அந்தப் பேச்சுலதான் இன்னொண்ணும் வெளிய வந்துச்சு. ரெண்டு கதையிலயும் நோயாளியப் பத்தி விசாரிச்சு எதிரி வர்றான். நெமெசெக் எப்படி இருக்கான்னு ஃபெரி ஆட்ஸ் கேக்கிறான், அவனைத் தண்ணியில முக்கச் சொன்னதே அவன்தான். போனிபாய் படுத்துக் கிடக்கும்போது ராண்டி வீட்டுக்கு வர்றான், இவன் பினாத்துறதைப் பாத்து என்ன பேசுறதுன்னு தெரியாம தடுமாறுறான், பாபைக் கொன்னது நான்தான், ஜானி சாகலன்னு நடந்ததுக்கு நேர்மாறா உளறுறான் போனிபாய். சமாதானம் எல்லாம் நடக்கிறதில்ல, கட்டிப் புடிச்சுக்கிறதில்ல. நம்ம படங்கள்ல வர்ற மாதிரி கடைசி சீன்ல ரெண்டு கோஷ்டியும் ஒண்ணாச் சிரிக்கிறது இல்லங்கிறதுதான் இந்தப் புக்குங்க மேல எனக்கு இருக்கிற மரியாதைக்குக் காரணம். ஒருத்தன் காய்ச்சல் இன்னொருத்தனைத் தூங்க விடல, அந்த அளவுக்குத்தான் போகுது. அதுவே எவ்வளவு பெருசு!

'அவுட்சைடர்ஸ்'ல வர்ற அந்தப் பெரிய சண்டையில பசங்க யாரும் கவனிக்காம தாண்டிப் போற ஒரு இடம் இருக்கு, அங்க நான் நிறுத்தி ரெண்டு தடவை படிக்கச் சொல்வேன். டாரிக்கு எதிர்ல முதல்ல வந்து நிக்கிறவன் சோஷஸ் பக்கத்து பால் ஹோல்டன். ரெண்டு பேரும் ஸ்கூல்ல ஒரே ஃபுட்பால் டீம்ல ஆடினவங்க, ஒண்ணாச் சுத்தினவங்க. இப்ப அவன் காலேஜ், இவன் கூரை மேல. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சுத்திச் சுத்தி வர்றதைப் பாக்கும்போது அதுல வெறுப்பு மட்டும் இல்ல, பொறாமை இருக்கு, பரிதாபம் இருக்கு, வெக்கம் இருக்கு. அடுத்த வருஷம் வேற வேற குரூப் எடுத்துப் பிரியப் போற பசங்களுக்கு இது சட்டுனு புரியுது. சின்ன வயசு ஃப்ரெண்டு எப்ப எதிர் செட்டு ஆனான்னு யாருக்கும் தேதி ஞாபகம் இருக்கிறதில்ல.

கடைசியா செர்ரி. சோஷஸ் பொண்ணு, பாபோட காதலி. முதல்ல போனிபாய்கிட்ட மனசுவிட்டுப் பேசுறா, பாப் செத்த அப்புறமும் கிரீசர்ஸ்க்குத் தகவல் சொல்லி உதவுறா, ஆனா ஆஸ்பத்திரியில கிடக்கிற ஜானியைப் போய்ப் பாருன்னா மாட்டேங்கிறா. பாபைக் கொன்னவனை என்னால பாக்க முடியாதுங்கிறா. இங்க கிளாஸ் ரெண்டாப் பிரியும், வழக்கமாப் பிரியுற மாதிரி இல்ல, செட்டெல்லாம் கலைஞ்சு கலந்து பிரியும். போயிருக்கணும்னு பாதி, எப்படிப் போவான்னு பாதி. நான் செர்ரி பக்கம்தான். அவ ஜானி கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிட்டா, சண்டையில அவன் பக்கம் நியாயம் இருக்குன்னும் தெரிஞ்சுக்கிட்டா, அதுக்காக பாபுக்கு அழறதை விட முடியுமா? அந்தச் சின்ன வயசுல ஹிண்டன் அவளைக் கைப்புடிச்சு ஆஸ்பத்திரி ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போகாம, வெளியிலயே நிக்க விட்டாங்களே, அந்தத் துணிச்சல் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.