கையுறை போட்டால் கை கழுவ வேண்டாமா?

கையுறை போட்டாச்சு, இனி கை சுத்தம் என்கிற நினைப்புதான் வார்டில் பெரிய தொல்லை. கண்ணுக்குத் தெரியாத துளை அதில் இருக்கலாம். கழற்றும்போது வெளிப்பக்கம் மணிக்கட்டில் உரசிவிடும். போடும் முன்பும் கழற்றிய பின்பும் கையைச் சுத்தம் செய்தே ஆகணும். நோயாளியின் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைக் காலி செய்த அதே கையுறையோடு ஐவி லைனை (ரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் குழாய்) தொட்டால், கிருமிக்கு ரத்தத்துக்குள் போக நாமே வழிவிடுகிறோம்.

கையில் அழுக்கு தெரியாவிட்டால் ஆல்கஹால் ஹேண்ட் ரப் போதும். உள்ளங்கை நிறைய எடுத்து 20 முதல் 30 விநாடி, தானாகக் காயும்வரை தேய்க்கணும். ஈரத்தை யூனிஃபார்மில் துடைத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும். கட்டைவிரல், விரல்நுனி, மோதிரத்துக்கு அடியில்: பெரும்பாலும் விடுபடும் இடங்கள் இவை.

ரத்தம், மலம் பட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும்தான், மொத்தம் 40 முதல் 60 விநாடி. க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்கிற குடல் பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு வந்த நோயாளியைத் தொட்டிருந்தால், கை பார்க்கப் பளிச்சென்று இருந்தாலும் சோப்புதான். அந்த பாக்டீரியாவின் வித்துகளை (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹால் கொல்லாது; தேய்த்துக் கழுவித்தான் அகற்ற முடியும்.

கையுறை மேலேயே சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போகிறவர்களும் உண்டு (மிச்சப்படுத்துகிறார்களாம்!). ஆல்கஹால் பட்டால் கையுறையின் தரம் கெடும். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி. அதே நோயாளியிடம்கூட அசுத்தமான வேலையிலிருந்து சுத்தமான வேலைக்குப் போகும்போது மாற்றுங்கள்.