வழி தவறிய முதல் அரை மணி நேரம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் மலையேற்றக் குழுக்களை அழைத்துப்போகும் எங்களுக்கு யானையைவிடப் பெரிய கவலை, வழி தவறியது தெரிந்ததும் வேகமாக நடக்கத் தொடங்கும் ஆள்தான். பயம் வந்தால் கால் தானாக வேகமெடுக்கும். கடைசியாகக் கண்ட இடத்திலிருந்து அவர் போயிருக்கக்கூடிய தூரம் இரண்டு மடங்கானால், நாங்கள் தேட வேண்டிய பரப்பு நான்கு மடங்காகிவிடும்.

'நேராகத்தானே போகிறேன்' என்ற நம்பிக்கையும் உதவாது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட சோதனையில், மேகம் மூடிய நாளில் காட்டில் நடந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்தார்கள். சோலைக்காட்டில் மூடுபனி இறங்கினாலும் இதே கதைதான். போதாததற்கு யானைத்தடம் வேறு. அகலமாக, ஏறுவதற்கு இதமாக இருப்பதால் மனிதர் போட்ட பாதை என்று நம்பிப் போவார்கள். அது கொண்டுபோய் விடுவது நீர்நிலையில். ஓடையோடு இறங்கினால் ஊர் வரும் என்பார்கள். இங்கே பெரும்பாலும் அருவியின் தலைமாடுதான் வரும்.

ஆகவே முதலில் உட்கார வேண்டும், அரை மணி நேரம். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு இறங்கும். பத்து முறைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. பிறகு பையிலுள்ளதை எல்லாம் எடுத்துப் பரப்பி, தண்ணீர் எவ்வளவு, டார்ச் எரிகிறதா, இருட்ட எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். பொறுமைசாலியாகப் பிறந்திருக்கத் தேவையில்லை. கைக்கு வேலை இருந்தால் மனம் அடங்கும். அவசர உதவி எண்ணான 112-ஐ முயன்று பாருங்கள். கிடைக்காவிட்டால் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். சிக்னலைத் தேடித்தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். குழுவில் அதிகம் பதறுபவரிடம் விசிலைக் கொடுங்கள்: மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் காது கொடுக்க வேண்டும்.

பதற்றம் மறுபடி வருவது அந்தி சாயும்போது. 'இருட்டுவதற்குள் ஒருமுறை முயல்வோம்' என்று எழுபவர்கள்தான் பாறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொள்கிறார்கள். ஐந்து மணிக்கே ஈரத்துணியை மாற்றி, தடத்தையும் ஓடையையும் விட்டு விலகி இடம் பிடித்துவிட வேண்டும். சருகைக் குச்சியால் கிளறிப் பார்த்தபின் ஒரு சாண் உயரத்துக்குக் குவித்து அதன்மேல் உட்காரலாம்; தரையின் குளிர் ஏறாது.

தேடுபவர் குரல் கேட்டால் அதை நோக்கி ஓடக் கூடாது. பள்ளத்தாக்கில் எதிரொலி திசையை மாற்றிக் காட்டும். இருந்த இடத்திலிருந்தே விசில் கொடுங்கள், நாங்கள் வந்து சேரும்வரை.