ரிப்போர்ட்டில் ஒரே ஓர் எண்: மகனுக்கு விஸ்க் எடுத்த அனுபவம்

என் மகனுக்கு எட்டு வயது. வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான். பரீட்சைத் தாளில் பாதி காலியாக இருக்கும். பள்ளியில் உளவியல் அசெஸ்மென்ட் எடுத்து வரச் சொன்னார்கள். கண் பரிசோதனை, காது பரிசோதனை, வளர்ச்சி வரலாறு எல்லாம் தடையில்லாமல் முடிந்தன. குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்கும் விஸ்க்-5 பரிசோதனைக்கும் அவன் சந்தோஷமாகவே உட்கார்ந்தான்.

பிரச்சினை ரிப்போர்ட்டில்தான் வந்தது. ஒரே பக்கம். "மொத்த ஐ.க்யூ 88. சராசரிக்குச் சற்றுக் கீழ். சிறப்புக் கவனம் தேவை." எதில் கவனம், என்ன கவனம் என்று ஒரு வரி இல்லை. பரிசோதனையின்போது பிள்ளை எப்படி நடந்துகொண்டான் என்ற குறிப்பும் இல்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை.

வேறொரு உளவியலாளரிடம் கொண்டுபோனேன். பார்த்ததும் அவர் கேட்டது, "ஐந்து இண்டெக்ஸ் ஸ்கோரும் எங்கே?" விஸ்க்-5-இல் மொழிப் புரிதல், காட்சி-இடத் திறன், புதுச் சிக்கலைத் தர்க்கத்தால் தீர்ப்பது, வேலை நினைவாற்றல் (கேட்டதை, பார்த்ததை மனத்தில் பிடித்துவைத்துக் கையாளுவது), செயல் வேகம் என்று ஐந்துக்கும் தனித்தனி ஸ்கோர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சராசரி 100, திட்ட விலக்கம் 15, அதாவது பெரும்பாலான பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். ஐந்தும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்தால்தான் மொத்த எண்ணை நம்பலாம். ஒன்று மலையிலும் ஒன்று பள்ளத்திலும் இருந்தால், அந்த மொத்த எண் எந்தக் குழந்தையையும் காட்டாது.

"அப்படியானால் நீங்களே மறுபடி எடுத்துவிடுங்களேன்" என்றேன். மறுத்துவிட்டார். அதே கேள்விகளைச் சீக்கிரமே திரும்பப் பார்க்கும் பிள்ளைக்குப் பழக்கத்தாலேயே ஸ்கோர் ஏறிவிடும். குறைந்தது ஒரு வருடமாவது போக வேண்டும் என்றார். அவர் நேர்மையாகச் சொன்னதற்கு இன்றும் நன்றி. கேட்டதும் சரியென்று எடுத்துத் தருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆக, பழைய ஸ்கோர்களை வாங்கியே தீரவேண்டும். முதல் மையத்துக்குப் போனால், பரிசோதித்தவர் சனிக்கிழமை மட்டும்தான் வருவாராம். போனில் கேட்டபோது இதை யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை போனேன். வரவேற்பில் இருந்தவர் உள்ளே கேட்கக்கூட இல்லை. "அதெல்லாம் வெளிய தரமாட்டோம் மேடம். காப்பிரைட்."

இதைத்தான் எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வி ஏடு, படங்கள், விடைத் திறவுகோல் ஆகியவற்றை வெளியே தரமாட்டார்கள். அது நியாயமும்கூட, கேள்வி பரவினால் பரிசோதனையே வீணாகிவிடும். ஆனால் உங்கள் பிள்ளை எடுத்த ஸ்கோர் வேறு விஷயம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைகூட இரண்டையும் 9.04 (ஸ்கோர் விவரம்), 9.11 (கேள்விப் பொருட்கள்) என்று தனித்தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. கடிதம் எழுதினேன்: "கேள்வித்தாள் வேண்டாம். இண்டெக்ஸ் ஸ்கோர், ஒவ்வொரு இண்டெக்ஸுக்குள்ளும் வரும் உட்பரிசோதனைகளின் ஸ்கோர், 95% நம்பக இடைவெளி (உண்மையான ஸ்கோர் இருக்கக்கூடிய வரம்பு), பரிசோதனை நேரக் குறிப்பு ஆகியவற்றை எழுத்தில் தாருங்கள்." வாய்ப்பேச்சில் நகராத காரியம் கடிதத்தில் நகர்ந்தது. பல வாரம் இழுத்தடித்தார்கள், ஆனால் வந்தது.

காட்சி-இடத் திறன் 105. மொழியும் தர்க்கமும் நூறை ஒட்டி. வேலை நினைவாற்றல் 82. செயல் வேகம் 66. அந்தத் தாளைப் பார்த்து அழுதேன், நிம்மதியில். செயல் வேகத்தில் வரும் 'கோடிங்' பகுதியில், இரண்டு நிமிடத்துக்குள் குறியீடுகளைப் பென்சிலால் வரிசையாக எழுத வேண்டும். குறிப்பில் ஒரு வரி: "பென்சிலை இறுக்கிப் பிடிக்கிறான், கையை அடிக்கடி உதறுகிறான்." இது முதல் ரிப்போர்ட்டிலேயே இருந்திருக்க வேண்டிய வரி! யோசிப்பதில் அவனுக்குக் குறையில்லை, கை ஈடுகொடுக்கவில்லை.

அடுத்து, அன்றாடச் செயல்பாட்டுக்கான வைன்லேண்ட்-3 படிவம். இதை நிரப்பும்போது ஓர் உதவியாளர், "அவனால முடிஞ்சா 2 போடுங்க" என்றார். தவறு. அதில் கேட்பது முடியுமா என்பதை அல்ல, யாரும் தூண்டாமல் வழக்கமாகச் செய்கிறானா என்பதை. வழக்கமாக என்றால் 2, எப்போதாவது என்றால் 1, ஒருபோதும் இல்லையென்றால் 0. சட்டைப் பொத்தான் போட அவனுக்குத் தெரியும், ஆனால் தினமும் நான்தான் போட்டுவிடுகிறேன். அங்கே 2 போட்டிருந்தால் அவனுக்குக் கிடைக்க வேண்டிய உதவி போயிருக்கும். புது உளவியலாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினார். கவனக் குறைபாட்டுக்கான கானர்ஸ் ஆசிரியர் படிவம் பள்ளியில் கிடந்து கிடந்து பாதி நிரப்பியபடி வந்தது. திருப்பி அனுப்பினோம். விடுபட்ட கேள்விகள் அதிகமானால் ஸ்கோர் போட முடியாது, வாங்கும்போதே புரட்டிப் பாருங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பிறந்த தேதியையும் பரிசோதனைத் தேதியையும் முதலில் சரிபாருங்கள். வயதைக் கணக்கிட்டுத்தான் அட்டவணையில் ஸ்கோர் எடுக்கிறார்கள். சில மாதம் பிசகினால் வேறு வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டதாகிவிடும். வீட்டு மொழி ஒன்று, பரிசோதித்த மொழி வேறு என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

புது உளவியலாளர் எழுதித் தந்த ரிப்போர்ட்டோடு பள்ளிக்குப் போனோம். எழுதக் கூடுதல் நேரம் தந்தார்கள், சில பாடங்களில் வாய்மொழியாகவும் பதில் சொல்லலாம் என்றார்கள். கை இயக்கத்துக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் போகத் தொடங்கியிருக்கிறான்.