பீகிள் கப்பலின் மேல்தளம்: ஒன்றுக்கு அறுபது

மூன்று ஆண்டுகளாக என் மேசையில் வளர்ந்துவரும் பீகிள் கப்பல் மாதிரியின் மேல்தளம் சென்ற வாரம் முடிந்தது. பாய்மரங்களை இன்னும் நிறுத்தவில்லை. ஆறு படகுகளில் மூன்றுதான் ஆகியிருக்கின்றன. இருந்தாலும் தளத்தைப் பற்றி இப்போதே எழுதிவிட விரும்புகிறேன், ஏனென்றால் படகுகள் ஏறிக் கயிறுகளும் கட்டப்பட்ட பிறகு, இத்தனை நாள் நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த இந்தப் பரப்பில் பாதிக்கு மேல் மறைந்துபோகும்.

பீகிள் 1820 மே 11 அன்று லண்டனுக்கு அருகில் உள்ள வூலிச் கப்பல் கட்டுந்தளத்தில் நீரில் இறக்கப்பட்டது. பத்துப் பீரங்கிகளும் இரண்டு பாய்மரங்களும் கொண்ட சிறு போர்க்கப்பலாகப் பிறந்து, 1825-ல் மூன்றாவது பாய்மரம் பெற்று ஆய்வுக் கப்பலாக மாறியது. கேப்டன் ஃபிட்ஸ்ராய் தலைமையில் 1831 டிசம்பர் 27 அன்று இளம் டார்வினை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, உலகைச் சுற்றி 1836 அக்டோபர் 2 அன்று ஃபால்மத் துறைமுகத்துக்குத் திரும்பிய அந்தப் பயணத்துக்காகவே நாம் அதை நினைவில் வைத்திருக்கிறோம். நான் கட்டுவதும் அந்தப் பயணத்தின் பீகிளைத்தான். கப்பலின் நீளம் 90 அடி 4 அங்குலம், அகலம் 24 அடி 6 அங்குலம். 60-ல் ஒரு பங்காகக் குறைத்தால் 46 சென்டிமீட்டர் நீளமும் 12.5 சென்டிமீட்டர் அகலமும் வரும். நீளத்தில் நம் வீட்டு முறத்தின் அளவுதான். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் வாழ்ந்த இடம் இது என்பதை, கைக்கு அடங்கும் இந்த உருவத்தை ஏந்திப் பார்க்கும்போதுதான் என்னால் முழுமையாக உணர முடிந்தது.

தொடக்கத்திலேயே 29 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மர மனிதனைச் செதுக்கி வைத்துக்கொண்டேன். ஐந்தடி எட்டு அங்குலம் உள்ள ஒருவர் இந்த அளவில் அவ்வளவு உயரம்தான் இருப்பார். தளத்தில் எதைப் பொருத்தினாலும், ஒட்டுவதற்கு முன் அவரை அதன் அருகில் நிறுத்திப் பார்ப்பேன். படியில் அவரால் கால் வைத்து ஏற முடியுமா, சக்கரத்தின் கைப்பிடி அவர் மார்புக்கு நேராக வருகிறதா, பக்கச்சுவர் அவர் இடுப்பைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பசையைத் தொடுவேன். அளவுகோல் காட்டாத பிழைகளை அவர் காட்டியிருக்கிறார்.

அப்படி அவர் காட்டிய முதல் பிழைதான் மிகப் பெரியது. நான் முதலில் தளத்தை 1820-ஆம் ஆண்டின் வரைபடப்படி அமைத்து, ஒன்றரை மாதம் உழைத்துப் பலகைகளையும் பாவிவிட்டேன். பிறகு மனிதனைப் பக்கச்சுவர் ஓரம் நிறுத்தியபோது, அந்தச் சுவர் அவர் நெஞ்சுவரை வந்தது. 1831-ல் பயணத்துக்கு முன்பு நடந்த பழுதுபார்ப்பில் மேல்தளத்தையே உயர்த்திவிட்டார்கள் என்பதைப் படித்திருந்தும் மறந்துவிட்டேன். பின்பக்கம் 8 அங்குலம், முன்பக்கம் 12 அங்குலம் உயர்த்தினார்கள். என் அளவில் அது 3.4 மில்லிமீட்டரும் 5.1 மில்லிமீட்டரும் ஆகும். சிறிய எண்கள்தான், ஆனால் அந்தக் கப்பல் உயிரோடு திரும்பியதற்கு அவற்றுக்கும் பங்குண்டு. பீகிளின் வகையைச் சேர்ந்த கப்பல்களைச் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்றே மாலுமிகள் அழைத்தார்கள். தாழ்ந்த தளமும் உயர்ந்த பக்கச்சுவரும் சேர்ந்து ஒரு தொட்டியைப் போல ஆகிவிடுவதால், பெரிய அலை ஏறினால் நீர் வடியாமல் தேங்கிக் கப்பலைக் கவிழ்த்துவிடும். தளத்தை உயர்த்தியதால் அந்தத் தொட்டியின் ஆழம் குறைந்தது. 1833 ஜனவரி 13 அன்று தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் ஹார்ன் கடலில் ஒரு பேரலை பீகிளின் மேல் விழுந்து, ஒரு பக்கச்சுவர் முழுதும் நீருக்குள் அமிழ்ந்து, ஒரு படகும் நொறுங்கியது. பீரங்கி வாசல்களின் கதவுகள் திறக்கப்பட்டு நீர் வெளியேறியதால் கப்பல் நிமிர்ந்தது.

இதை மீண்டும் ஒருமுறை படித்த இரவில், பாவிய பலகைகளை அப்படியே விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. வெள்ளைப் பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் இளக்கிவிடும். பஞ்சில் நனைத்து ஒவ்வொரு பலகையின் மேலும் வைத்து, கால்மணி நேரம் கழித்து மெல்லிய கத்தியால் நெம்பி எடுத்தேன். பிறகு குறுக்குச் சட்டங்களின் மேல், பின்னிருந்து முன்னோக்கித் தடிமன் கூடும் துண்டுகளை ஒட்டித் தளத்தை உயர்த்தினேன். பீரங்கி வாசல்களின் அடிக்கட்டைகளையும் அதற்கேற்ப மாற்றி வைத்தேன். அந்த வாசல்களின் கதவுகளை மட்டும் ஒட்டாமல், உண்மையிலேயே திறந்து மூடும்படி மெல்லிய பித்தளைக் கீல்களில் தொங்கவிட்டிருக்கிறேன்.

பலகைக்கு எந்த மரம் என்பதில் நான் எடுத்த முடிவு சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கப்பல் என்றால் தேக்கு என்று நாம் நினைப்போம். ஆனால் தேக்கின் துளைகளும் ரேகைகளும் பெரியவை; ஒன்றுக்கு அறுபது அளவில் ஒரு ரேகை, ஒரு மாலுமியின் கையகலத்துக்குத் தெரியும். தவிர, பீகிள் காலத்து ஆங்கிலக் கப்பல்களின் தளம் வெளிர்நிற ஊசியிலை மரத்தால் ஆனது. நாள்தோறும் மணற்கல்லால் தேய்த்துக் கழுவி, வெயிலிலும் உப்பிலும் வெளுத்துக் கிடந்தது. ஆகவே ரேகை நெருங்கிய, இழைத்தால் சந்தனத்தைப் போல வழவழப்பாக வரும் மஞ்சக்கடம்பு மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பலகையின் அகலம் 3.3 மில்லிமீட்டர், நீளம் 12 சென்டிமீட்டர். ஏறக்குறைய 120 பலகைகள் ஆயின. மேலே வார்னிஷ் பூசவே இல்லை. பளபளக்கும் தளத்தில் ஈரக்காலோடு மாலுமி நடக்க முடியாது.

பலகைகளுக்கு இடையே கலப்பற்றுக் கோடு, அதாவது நீர் கசியாமல் அடைக்கும் கறுப்புக் கோடு, வர வேண்டும். மெய்யான கப்பலில் சணல்நாரைத் திணித்து, அதன் மேல் உருக்கிய கீலை (தார்) ஊற்றுவார்கள். அந்த இடைவெளியை அறுபதில் ஒன்றாகக் குறைத்தால் 0.1 மில்லிமீட்டர்தான் வரும். கறுப்பு நூல், கறுப்புத் தாள், மை என எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தேன். மை மரத்துக்குள் ஊறிப் படர்ந்தது. நூல் தடித்துத் தெரிந்தது. கடைசியில் பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் மென்மையான பென்சிலை ஓட்டுவதே போதுமானதாக இருந்தது. ஒட்டி முடித்த பின் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, பென்சில் தூள் தளமெங்கும் பரவிச் சாம்பல் நிறமாக்கிவிடும். நம் தச்சர்கள் கதவுக்கு மெருகேற்றும்போது கண்ணாடிச் சில்லால் சுரண்டுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதே முறையில் கண்ணாடிச் சில்லை 45 பாகை சாய்த்துச் சுரண்டினேன். வெங்காயத் தோலைப் போலச் சுருள் சுருளாக மரம் வந்தது, கோடுகள் கலையவில்லை.

பலகையைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணியின் தலையை மூடுவதற்கு அடிக்கும் மரத்தக்கைகளின் விட்டம் ஒரு அங்குலம் என்றால், எனக்கு அது 0.4 மில்லிமீட்டர். மூங்கிலை அவ்வளவு மெல்லியதாகச் சீவுவது எப்படி என்று தெரியாமல் பல நாள் தடுமாறினேன். எங்கள் தெருவில் நகை வேலை செய்யும் பத்தரிடம் ஒரு நாள் இதைச் சொன்னபோது, கம்பி இழுக்கும் துளைத்தகட்டை எடுத்துக் காட்டி, “தங்கம் வரும்போது மூங்கில் வராதா சார்? அவசரப்படாம ஒவ்வொரு துளையா இறக்குங்க, நாருவாக்குல இழுங்க” என்றார். ஊதுபத்திக் குச்சிகளைக் கழுவிக் காயவைத்து நான்காகப் பிளந்து, பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு ஒவ்வொன்றாக இழுத்தேன். பத்து குச்சிக்கு மூன்று முறிந்தன. மற்றவை தலைமுடியைவிடச் சில மடங்கு தடித்த இழைகளாக வந்தன. இப்படி ஏறக்குறைய 1,300 தக்கைகளைக் கைத்துளைப்பானால் துளையிட்டுப் பொருத்தினேன். மூங்கிலின் நிறமும் மஞ்சக்கடம்பின் நிறமும் நெருங்கி இருப்பதால் தள்ளி நின்று பார்த்தால் ஒரு தக்கைகூடத் தெரியாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே வரிசை புலப்படும். கறுப்புப் புள்ளி வைத்தால் எளிதில் தெரியும்தான், ஆனால் அம்மை வார்த்த முகம்போல் இருக்கும் ஒரு தளத்தை என்னால் பீகிள் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

எனக்கு மிகவும் நிறைவளித்த வேலை கிராதிகள். கீழறைக்கு வெளிச்சமும் காற்றும் போக, திறப்புகளின் மேல் மரக்கிராதி வைத்திருப்பார்கள். மேலே நடப்பவரின் குதிகால் உள்ளே இறங்கிவிடாத அளவுக்குத்தான் அதன் துளை இருக்க வேண்டும். மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கடையில் விற்கும் கிராதித் துண்டு ஒன்றை வாங்கி, மர மனிதனை அதன் மேல் நிறுத்தினேன். அவருடைய கால் முழுவதும் உள்ளே போய்விட்டது. ஆகவே நானே செய்தேன். கப்பலின் அகலவாக்கில் போகும் கட்டைகளில் சீரான வெட்டுகளைப் போட்டு, நீளவாக்கில் மெல்லிய சலாகைகளை அவற்றில் பொதிய வைத்து, மேற்பரப்பு ஒரே மட்டமாக வரும்வரை சுரண்ட வேண்டும். துளை 1.2 மில்லிமீட்டர். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தளம் தட்டையானதல்ல, நீர் ஓரங்களுக்கு வடிய நடுவில் சற்றே மேடாக இருக்கும். கிராதியும் அதே வளைவைப் பின்பற்றினால்தான் தளத்தோடு பிறந்ததாகத் தெரியும். திறப்பைச் சுற்றியுள்ள விளிம்புச் சட்டத்தின் அடிப்பகுதியை அந்த வளைவுக்குக் கொண்டுவர ஒரு வழி உண்டு. உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி தளத்தில் விரித்து, சட்டத்தை அதன் மேல் வைத்து முன்னும் பின்னும் தேய்த்தால், தளம் தன் வளைவைத் தானே அதில் செதுக்கிவிடும்.

நங்கூரச் சங்கிலியை இழுக்கும் பொறி விஷயத்தில் ஃபிட்ஸ்ராயின் குறிப்பு எனக்கு உதவியது. வழக்கமான செங்குத்து உருளைக்குப் பதிலாக, கிடையாகச் சுழலும் காப்புரிமை பெற்ற உருளையைப் பொருத்தியதாகவும், சமையலுக்கு அடுப்பறை நெருப்புக்குப் பதிலாக ஃப்ரேசர் அடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டதாகவும், ஹாரிஸ் உருவாக்கிய இடிதாங்கிகளை எல்லாப் பாய்மரங்களிலும் பதித்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். இந்த மூன்றும் இல்லாத பீகிள் அந்தப் பயணத்தின் பீகிள் ஆகாது. அடுப்பின் புகைபோக்கிக்குப் பித்தளைக் குழாயைக் கறுப்பாக்கினேன். இடிதாங்கிக்கு ஒட்டும் செப்புத்தாளை நூலைப் போல நறுக்கி வைத்திருக்கிறேன். உருளையைத்தான் மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது, ஏனென்றால் நெம்புகோலைச் செருகும் சதுரத் துளைகள் ஒரே வரிசையில் அமையாவிட்டால் மாலுமிகள் மாறி மாறி நெம்பும் அந்த வேலையே நடக்காது.

பீரங்கிகளைப் பித்தளையில் கடைந்து, கறுப்புப் பூசாமல் விட்டுவிட்டேன். பீகிளில் பித்தளைப் பீரங்கிகளே விரும்பப்பட்டன. இரும்பு அருகில் இருந்தால் திசைகாட்டியின் முள் விலகும், கரையோரங்களை அளந்து வரைபடம் எழுதப் புறப்பட்ட கப்பலுக்கு அது ஆகாது. கயிறு கட்டும் முளைகளுக்கும் இதே கவனம் தேவைப்பட்டது. கடையில் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் முளை மர மனிதனின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்தது. மிஞ்சிய மூங்கிலில் 6.7 மில்லிமீட்டரில் கடைந்தேன்; மெய்யான அளவில் அது 40 சென்டிமீட்டர், கைக்கு அடக்கமானது.

படகுகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆறு படகுகளையும் எந்த வானிலையிலும் ஏற்றிச் செல்லும்படி அடுக்க ஏற்பாடு செய்ததாக ஃபிட்ஸ்ராய் பெருமையோடு குறிப்பிடுகிறார். அதற்கு ஒரு முன்கதை உண்டு. முந்தைய பயணத்தில், 1830-ல், தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள டியெரா டெல் ஃபுயேகோ தீவுகளின் கரையில் ஒரு படகு களவுபோனது. அங்கே சிக்கிக்கொண்டவர்கள் மரக்கிளைகளைக் கூடையாகப் பின்னி, மேலே கித்தான் போர்த்தி, உட்புறம் களிமண் பூசிக் கிட்டத்தட்ட நம் காவிரிப் பரிசலைப் போன்ற ஒன்றைச் செய்தார்கள். மூவர் அதில் ஏறிக் கப்பலுக்குத் திரும்பினார்கள். ஒரு படகின் விலை என்ன என்பதை ஃபிட்ஸ்ராய் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

கடைசியாகச் செய்தது பின்தள அறை. சுமார் பத்தடிக்குப் பதினோரடி இருந்த அந்த அறை எனக்கு 51-க்கு 56 மில்லிமீட்டர், ஒரு தீப்பெட்டியைவிட நீளம் சற்றே கூடியது. நடுவில் பெரிய வரைபட மேசை; அறையின் ஊடாகவே பின்பாய்மரம் இறங்கும். டார்வின், துணை நில அளவையாளர் ஸ்டோக்ஸ், பதினான்கு வயது மாணவ மாலுமி கிங் ஆகிய மூவருக்கும் அது பொதுவான இடம். டார்வினின் தூங்குதொட்டில் மேசைக்கு மேலே, கூரைச் சாளரத்துக்குச் சற்றுக் கீழே தொங்கியது. அவர் உயரமானவர் என்பதால் கால் நீட்ட இடம் போதாமல், சுவர் அலமாரியின் இழுப்பறை ஒன்றைக் கழற்றி, அந்த வெற்றிடத்தில் தூங்குதொட்டிலின் ஒரு முனையைப் பொருத்திக்கொண்டார்.

அந்த அலமாரியில் நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் இழுப்பறைகளைச் செய்து, குண்டூசித் தலைகளைக் கைப்பிடிகளாகப் பதித்தேன். ஒன்றை மட்டும் பொருத்தவில்லை. அங்கிருந்து எதிர்ச் சுவர்வரை ஒரு துண்டு மல் துணியை நூலால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்த வாரம் கூரையை ஒட்டிய பிறகு, சாளரத்தின் நான்கு சிறு கண்ணாடிகளின் வழியே விளக்கைக் காட்டினால் அந்தத் துணியின் ஒரு ஓரம் தெரியும். கழற்றிய இழுப்பறையை மேசைக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன்.