பாலத்தடியில் பன்னிரண்டு விளக்குகள்

பிப்ரவரி 2

இரவு ஏழரைக்குப் பாலத்தடிக்குப் போனேன். மேலே வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கீழே விளக்குக் கம்பம் இல்லை, மின்கம்பி இல்லை, சொருக ஒரு பிளக் பாயிண்ட்கூட இல்லை. பகலில் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம், பொழுது சாய்ந்ததும் காலியாகிவிடுகிறது. கையில் எடுத்துக்கொண்டு திரியக்கூடிய, விளையாடக்கூடிய பன்னிரண்டு விளக்குகளை இந்த இடத்துக்காகச் செய்ய வேண்டும். அடுத்த இரண்டு மாதம் இதுதான் வேலை.

கொண்டுபோன பெரிய டார்ச்சை முதலில் அடித்துப் பார்த்தேன். வட்டம் விழுந்த இடம் பளீரென்று தெரிந்தது. வட்டத்துக்கு வெளியே எல்லாமே முன்பைவிடக் கறுத்துப் போனது. டார்ச் வைத்திருப்பவர் முகம் எதிரே வருகிறவருக்குத் தெரியாது, அவருக்குக் கண்தான் கூசும். பயத்தைப் போக்க அடிக்கும் வெளிச்சமே பயமுறுத்துகிறது.

அதை அணைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் மற்றத் தூண்களின் விளிம்பு தெரிந்தது. அரை மணி நேரத்தில் தரையில் கிடந்த செங்கல் துண்டுகளை எண்ண முடிந்தது. கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் சுமார் 10 நிமிடத்தில் இருட்டுக்குப் பழகிவிடும், மங்கிய ஒளியில் பார்க்கும் கோல் செல்கள் முழுதாக விழித்துக்கொள்ள 30 நிமிடம் அல்லது அதற்கு மேலும் ஆகும். ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறோம்; முழு நிலவே தரைக்குக் கால் லக்ஸ்தான் தருகிறது. படிக்கும் மேசைக்கு நாம் 300, 500 லக்ஸ் கேட்கிறோம். ஆனாலும் நிலவொளியில் மனிதர்கள் நடந்தார்கள், பேசினார்கள், ஓடிப் பிடித்து விளையாடினார்கள். இங்கே வேண்டியதும் அந்த அளவு வெளிச்சம்தான். அதைக் கையில் கொடுக்க வேண்டும், தாழ்வாக இருக்க வேண்டும், விழித்துக்கொண்ட கண்ணை அது கெடுக்கக் கூடாது.

பிப்ரவரி 5

உருவம் முடிவாகிவிட்டது. அரைக்கோள அடிப்பாகம், மேலே மங்கலான கூடு. தள்ளினால் சாய்ந்து தானே எழுந்து நிற்கும் பொம்மை போல. அதற்கு எடையின் மையம் அந்த அரைக்கோளத்தின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உள்ளே மிகக் கனமான பொருள் பேட்டரி. அதை நிற்க வைத்தால் விளக்கு கவிழ்ந்துவிடுகிறது, அடியில் படுக்க வைத்து ஓர் இரும்பு வளையத்தையும் சேர்த்தால் எழுந்துவிடுகிறது.

ஸ்விட்ச் வேண்டாம். சாய்த்தால் எரியட்டும்.

பிப்ரவரி 8

இன்று முழுக்கக் கூட்டை வைத்தே ஆட்டம். தண்ணீர் நிரப்பிய பாட்டிலின் அடியில் ஒரு எல்இடி வைத்தேன். ஒளி நேராக மேலே போய்விட்டது, பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சொட்டுப் பால் விட்டதும் பாட்டில் முழுவதும் ஒளிர்ந்தது. பாலில் மிதக்கும் நுண்துளிகள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. இரண்டு சொட்டுக்கு மேல் விட்டால் அடியிலேயே ஒளி தேங்கிவிடுகிறது. மங்கலான பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கணக்குதான்: உள்ளிருக்கும் புள்ளி கண்ணைக் குத்தாத அளவுக்குத்தான் வெண்மை வேண்டும், அதற்கு மேல் போனால் ஒளி வீண்.

சிற்பி இசாமு நோகுச்சி 1951-இல் தொடங்கிய 'அகாரி' காகித விளக்குகளை நினைத்துக்கொண்டேன். மூங்கில் வரிச்சும் காகிதமும்தான், மடித்தால் தட்டையாகிவிடும். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் எந்த பல்பும் சாந்தமாகிவிடும். என் விளக்கு தரையில் உருளப்போகிறது, காகிதம் தாங்காது. ஆனால் அந்த மென்மையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதல் மூன்று மாதிரிகளுக்கு சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12

'நாணய பேட்டரி போதுமே, எல்லாம் எளிதாகிவிடும்' என்றார் நண்பர். அவர் சொல்வது எனக்கும் பிடித்தமான ஒன்றைத்தான். 2006-இல் கிராஃபிட்டி ரிசர்ச் லேப் என்ற குழு ஒரு எல்இடி, ஒரு நாணய லித்தியம் பேட்டரி, ஒரு சின்னக் காந்தம், கொஞ்சம் டேப் ஆகியவற்றைச் சேர்த்து இரும்புச் சுவர்களில் வீசி ஒட்ட வைத்தது. கம்பி வேண்டாம், கருவி வேண்டாம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். நகரத்தின் இருட்டு மூலையை விளையாட்டாக்கியதில் அதைப்போல் நேர்த்தியானது வேறில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் என் விளக்கு நான்கு வயதுப் பிள்ளை கைக்கும் போகும். விழுங்கிய நாணய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத் திசுவில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும். இரண்டுமே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். விரல் நீளமுள்ள பெரிய செல், திருகு போட்டு மூடிய அடிப்பாகம்.

பிப்ரவரி 17

மூன்று மாதிரிகளும் செத்துக் கிடந்தன. ஒன்பது நாளாக யாரும் தொடவே இல்லை.

காரணம் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நான் போட்டிருந்தது ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு சில்லு வைத்த 16 எல்இடி வளையம். எந்த நிறமும் கேட்கலாம், ஆசைக்கு அளவே இல்லை. ஆனால் 'அணைந்துவிடு' என்று சொன்ன பிறகும் அந்தச் சில்லுகள் ஆணைக்குக் காத்துக்கொண்டே இருக்கின்றன. ஆளுக்கு ஏறத்தாழ 1 மில்லியாம்பியர், மொத்தம் 16. ஒன்பது நாளில் 3,400 மில்லியாம்பியர்-மணிக்கு மேல் ஆகிவிடும், என் செல்லில் இருந்ததோ 2,500. எரியாமலேயே குடித்துத் தீர்த்துவிட்டது.

வளையத்துக்குப் போகும் மின்சாரத்தை ஒரு டிரான்சிஸ்டர் வைத்து வெட்டினால் சரியாகிவிடும். ஆனால் கேள்வி வேறு இடத்துக்குப் போய்விட்டது: எனக்கு ஏன் இத்தனை நிறம்?

பிப்ரவரி 18

மூன்று நிறம் போதும். அம்பர், சிவப்பு, மஞ்சள்கலந்த பச்சை. மூன்றும் சுமார் 2 வோல்ட்டில் எரிபவை. அதனால் 3.2 வோல்ட் தரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லோடு ஒரு மின்தடையை வைத்து நேரடியாக இணைக்கலாம். அந்த வகை செல்லில் கொள்ளளவு கொஞ்சம் குறைவு. ஆனால் நசுங்கினாலோ சூடேறினாலோ மற்ற லித்தியம் வகைகளைப் போல் சீக்கிரம் தீப்பிடிக்காது. பிள்ளைகள் உதைக்கப்போகும் பொருளுக்கு இதுதான் பொருத்தம்.

நீலம் இல்லாதது இன்னும் நல்லது. பூச்சிகளை அதிகம் இழுப்பவை புற ஊதாவும் நீலமும்தான். 2024-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வைத் திரும்பப் படித்தேன். பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சமுள்ள பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறதாம், வானம் எப்போதும் மேலே என்ற பழக்கம். அதனால் விளக்கைச் சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொள்கிறது. ஒளி கீழிருந்து வந்தால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. தரையில் வைக்கும் விளக்கு செய்கிற எனக்கு இது நேராகச் சொன்னது போல இருக்கிறது. மேல் நோக்கி ஒளி அடிப்பதாக இருந்தால் சில நொடிகளுக்கு மட்டும்.

பிப்ரவரி 24

நடத்தை. இதில்தான் எனக்கு மனம் ஒட்டிக்கிடக்கிறது, மற்றதெல்லாம் இதற்காகத்தான்.

இரண்டு விளக்குகள் நெருங்கினால் நிறத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். டிவி ரிமோட்டில் இருக்கும் அதே அகச்சிவப்பு எல்இடியும், டிவியில் இருக்கும், நொடிக்கு 38,000 துடிப்பை மட்டும் கேட்கும் அதே வாங்கியும் போதும். அனுப்பும் ஒளியின் வலுவைக் குறைத்துக் குறைத்து, ஒரு முழத் தூரத்துக்கு வந்தால் மட்டும் கேட்கும்படி வைத்தேன்.

மாறும்போது நிறம் சட்டென்று தாவியது, அது அசிங்கமாக இருந்தது. மெல்ல ஏற்றினாலும் முதலில் குபீரென்று ஏறி, பிறகு நகராமலே நிற்பது போலத் தெரிந்தது. கண் ஒளியை நேர்க்கணக்கில் பார்ப்பதில்லை. முழு ஒளியில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு போலத் தோன்றும். அதற்கேற்ப ஓர் அட்டவணை எழுதி, கீழ்ப்படிகளை மிக நெருக்கமாக வைத்தேன். இப்போது நிறம் மூச்சு விடுவது போல மாறுகிறது. இரவு ஒரு மணிக்கு இரண்டை மேசையில் வைத்து நெருக்கியும் விலக்கியும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 1

ஒரு விளக்குக்கு சராசரி 40 மில்லியாம்பியர். ஒரு மாலைக்கு நான்கு மணி நேரம் என்றால் அரை வாட்-மணி, பன்னிரண்டுக்கும் சேர்த்து 6. தூக்கிப் போகும் பெட்டியின் மூடியில் 10 வாட் சோலார் தகடு வைத்தால் மேகமூட்ட நாளிலும் சமாளிக்கலாம். பொழுது சாய்வதை அறியத் தனி உணரியும் தேவையில்லை, தகட்டின் வோல்ட் இறங்கினால் இருட்டுகிறது என்று அர்த்தம்.

2012-இல் கலைஞர் ஒலாஃபர் எலியாசனும் பொறியாளர் ஃப்ரெடரிக் ஒட்டெசனும் கொண்டுவந்த 'லிட்டில் சன்' சோலார் விளக்கு மஞ்சள் பூ வடிவத்தில் இருக்கும். மின்சாரம் எட்டாத வீடுகளுக்கான பொருள் முகம் வாடியதாக இருக்க வேண்டியதில்லை என்று அதைப் பார்த்தபோது தோன்றியது இன்றும் மாறவில்லை.

மார்ச் 8

முதல் முறையாகப் பாலத்தடியில் ஆறு விளக்குகள். பிள்ளைகள் ஒன்பது பேர், பெரியவர்கள் நான்கைந்து பேர்.

நான் எதையும் விளக்கவில்லை, பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் ஒரு பையன், 'அக்கா, இவன் என் பச்சையை எடுத்துட்டுப் போயிட்டான்!' என்று ஓடிவந்தான். அதற்குப் பிறகு விளையாட்டு அவர்களுடையதாகிவிட்டது. பின்னாலிருந்து பதுங்கி வந்து நிறத்தைத் திருடுவது, திருடியதும் ஓடுவது. ஒரு பெண் விளக்கைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். துணி அகச்சிவப்பை மறைத்துவிட்டது, அவள் நிறத்தை யாராலும் எடுக்க முடியவில்லை. இதை நான் யோசிக்கவே இல்லை! அவள் வயிற்றுப் பக்கம் மெல்லிய சிவப்பு ஒளிர, தூணுக்குத் தூண் தாவிக்கொண்டிருந்தாள்.

தவறுகள் இரண்டு. வேகமாகக் குலுக்கினால் படபடவென்று மின்னும்படி வைத்திருந்தேன், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆறும் சேர்ந்து மின்னியபோதுதான் எனக்கு உறைத்தது. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. தெரிந்த விதிதான், ஒற்றை விளக்கை மேசையில் வைத்துப் பார்த்ததில் மறந்திருக்கிறேன். இன்று இரவே எடுத்துவிட்டேன், குலுக்கினால் இனி ஒரு நீண்ட அலை மட்டும்.

இரண்டாவதைச் சொன்னவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி. 'எல்லாரும் காய்ச்சல் வந்தவங்க மாதிரி தெரியுறீங்கம்மா.' உண்மைதான். அம்பர் எல்இடியில் ஒரே அலைநீளத்தைச் சுற்றித்தான் ஒளி இருக்கிறது, அதில் சேலையின் நீலமும் முகத்தின் சிவப்பும் இருக்காது. ஓடுவதற்கு அந்த ஒளி போதும், உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்ப்பதற்குப் போதாது.

மார்ச் 10

ஒவ்வொன்றிலும் ஒரு வெதுவெதுப்பான வெள்ளை எல்இடி சேர்த்தேன், 2,700 கெல்வின். இது தனியாக எரியாது. இரண்டு விளக்குகளை அருகருகே வைத்து, பத்து நொடி அசையாமல் விட்டால், நிறங்கள் அடங்கி இந்த வெள்ளை நான்கு நொடியில் மெல்ல ஏறும். ஓடினால் நிறம், உட்கார்ந்தால் முகம். பேச்சுத் துணைக்கு இரண்டு பேர் வேண்டும், அதனால் இரண்டு விளக்குகள்.

மார்ச் 13

கூட்டின் உச்சியில் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் தெளிவாக விட்டேன். மங்கலான கூடு நிழலைக் கொன்றுவிடுகிறது, நிழல் இல்லாமல் என்ன விளையாட்டு? கையால் உச்சியைத் தட்டினால் அந்தப் புள்ளி எட்டு நொடி எரியும். விளக்கிலிருந்து 40 சென்டிமீட்டரில் கை, 2 மீட்டரில் தூண்: நிழல் ஐந்து மடங்கு பெரிதாகிறது. ஒரு கேண்டெலா வலு உள்ள எல்இடி அந்தத் தூரத்தில் தரும் ஒளி கால் லக்ஸ். நிலவளவு! கணக்குப் போட்டு வைக்காமல் அதுவாகவே அங்கே வந்து நின்றதில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

மார்ச் 16

மழை நின்ற பிறகு எடுத்துப் பார்த்தால் மூன்று கூடுகளுக்குள் பனித்துளி. தண்ணீர் எங்கும் நுழையவில்லை. 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்க வைத்துத் தேறியவைதான். விளக்கு குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து ஈரக்காற்றை இடுக்குகள் வழியே உறிஞ்சுகிறது. இறுக்கி மூட மூட இந்த உறிஞ்சல் கூடுகிறது. அடியில் ஒரு துளை போட்டு, காற்றை விட்டு நீரை விடாத சவ்வை ஒட்டினேன்.

மார்ச் 23

பன்னிரண்டு விளக்குகளும் பாலத்தடிக்குப் போயின. நிறத் திருட்டு ஒரு மணி நேரம் நடந்தது, பிறகு களைத்துப்போய் ஆங்காங்கே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடமெல்லாம் மெல்ல வெள்ளை ஏறியது. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பாட்டி மீண்டும் வந்திருந்தார். 'நல்லா இருக்குது. ஆனா என்னால குனிஞ்சு எடுக்க முடியல, இடுப்பு உசரத்துக்குத் தொங்கினா எடுத்துக்குவேன்' என்றார். விளக்கின் கழுத்தைச் சுற்றி அரை மீட்டர் கயிறு கட்டி, தூணில் இருந்த ஒரு கம்பியில் மாட்டிக் கொடுத்தேன். காற்றில் ஆடியது. ஆடுவதால் யாரோ தூக்கிக்கொண்டு நடப்பதாக நினைத்து விளக்கு வெள்ளைக்குப் போகவே இல்லை, பாட்டி சிவப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். அரை மீட்டர் கயிற்றில் ஓர் ஆட்டத்துக்கு 1.4 நொடி, பெரிதாக ஆடினாலும் சிறிதாக ஆடினாலும் கிட்டத்தட்ட அதேதான். நடப்பவர் கையில் அசைவு அப்படி ஒரே சீராக வராது. இரண்டையும் பிரித்தறிய ஒரு நாள் வேலை, கயிற்றை நிரந்தரமாகக் கோத்துக்கொள்ள கழுத்தில் ஒரு வரிப்பள்ளம். நாளைக் காலை அச்சை மாற்ற வேண்டும்.